கரை கட்டியவன் உரிமை

தன் பட்டா நிலத்தின் தாழ்ந்த மூலையில், ஐப்பசி கார்த்திகையில் மட்டும் ஓடி மற்ற மாதங்களில் வெறும் மணல் தடமாய்க் கிடக்கும் ஓர் ஓடைக்குக் குறுக்கே, ஒருவன் தன் கைப்பொருளைச் செலவிட்டு மண்கரை போடுகிறான். அதன் பின்னே ஓர் ஏக்கர், மிஞ்சினால் இரண்டு ஏக்கர் பரப்பில் நீர் நிற்கிறது. அவன் விதைக்காமலே கோரையும் அல்லியும் முளைக்கின்றன. அவன் அழைக்காமலே முக்குளிப்பானும் தாழைக்கோழியும் குடிவருகின்றன. இரவில் நரியும் முயலும் கீரியும் வந்து குடித்துவிட்டுப் போனதை, விடியற்காலையில் சேற்றில் பதிந்திருக்கும் அடிகள் சொல்லுகின்றன. பாசனத்துக்கென்று தொடங்கிய காரியம் சில ஆண்டுகளில் பயிரைக் காட்டிலும் பிராணிகளுக்கே மிகுதியாகப் பயன்படுவதாய் மாறிவிடுகிறது. தொடக்கத்திலேயே அந்த நோக்கத்தோடு கட்டுகிறவர்களும் இல்லாமலில்லை. எப்படியாயினும் ஒரு கேள்வி எழுகிறது: அந்த நீர் யாருடையது?

ஓடையின் உரிமை இன்னாருக்கு, நிலத்தின் உரிமை இன்னாருக்கு, கீழ்ப்புறத்து நிலத்தாருக்குச் சேரவேண்டியது இவ்வளவு என்று வருவாய்த் துறையின் பதிவேடுகள் ஒருவகையான விடை தரும். அந்த விடையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் தர்மத்தை முன்னிட்டுக் கேட்கிறவனுக்கு அது போதாது. நிலம் அவனுடையது, வெட்டிச் சுமந்த மண்ணும் அவனுடையது, கூலியும் அவன் கொடுத்தது, மழையோ அவன் பெய்வித்ததன்று. உழைப்பைக் கலந்து எதையும் ஒருவன் தனதாக்கிக்கொள்ளலாம் என்று வாதித்த ஆங்கிலத் தத்துவ ஞானி ஜான் லாக், ஊற்றுநீர் எல்லோருக்கும் பொதுவானாலும் குடத்தில் முகந்த நீர் முகந்தவனுடையதே என்று எடுத்துக்காட்டினார். குடத்தைப் பற்றி அவர் சொன்னது சரியென்றே வைத்துக்கொள்வோம். குடத்து நீரில் தவளை முட்டையிடுவதில்லை, நாரை இறங்குவதில்லை. தேக்கிய நீரில் பிற உயிர்கள் தம் வாழ்க்கையையே அமைத்துக்கொண்ட பிறகு, தேக்கியவனுடைய உரிமை முன்போலவே நிற்கிறதா என்பதுதான் ஆராயத்தக்கது.

நம் முன்னோர் அறச்செயல்களை இஷ்டம் என்றும் பூர்த்தம் என்றும் இரண்டாக வகுத்தார்கள். வேள்வி முதலியன இஷ்டம். கிணறு, குளம், சோலை, கோயில் முதலியன பூர்த்தம். வேள்விக்கு அதிகாரம் சிலருக்கே என்று வரையறுத்த அதே ஸ்மிருதி மரபு, பூர்த்தத்தை நான்காம் வருணத்தாருக்கும் உரியதாக்கியது. தமிழிலும் சிறுபஞ்சமூலம், குளம் தொடுவதைச் சுவர்க்கம் தரும் செயல்களில் முதலாவதாக வைத்து எண்ணுகிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோக சக்கரவர்த்தி தாம் கிணறுகள் வெட்டுவித்ததைப் பாறையில் பொறிக்கும்போது, அவை மனிதருக்கும் விலங்குக்கும் ஒருங்கே பயன்படுவதற்காக என்று சேர்த்தே சொன்னார். மனிதனுக்கு வெட்டியதை விலங்கும் குடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைத்த தயவு அன்று அது; ஸங்கல்பத்திலேயே விலங்குக்கும் இடமிருந்தது.

மகாபாரதத்து அநுசாசன பர்வத்தில், சரசய்யையில் கிடக்கும் பீஷ்மர் தடாக தர்மத்தின் பலனை யுதிஷ்டிரருக்கு உபதேசிக்கும்போது ஒரு படிமுறையை அமைக்கிறார். கார்காலத்தில் மட்டும் நீர் நிற்கும் குளத்தை வெட்டியவனுக்கு அக்நிஹோத்திரம் செய்த பலன். சரத்காலம் வரை நின்றால் ஆயிரம் பசுக்களைத் தானம் செய்த பலன். முன்பனி, பின்பனி, இளவேனில் என்று நீர் நிற்கும் காலம் நீள நீள வேள்வியின் பெருமையும் உயர்ந்துகொண்டே போய், முதுவேனிலிலும் வற்றாத குளத்துக்கு அசுவமேதத்தின் பலன் சொல்லப்படுகிறது. பசுக்களும் மனிதரும் மட்டுமல்லாமல் பறவைகளும் மிருகங்களும் அதில் தாகம் தீர்த்துக்கொள்வதை அவர் தனியே எடுத்தோதுகிறார். இதை வெறும் புகழுரையான அர்த்தவாதம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள், சித்திரை மாதத்து நீரின் அருமையை அறியாதவர்களாகவே இருக்கவேண்டும். நம் நாட்டுச் சமவெளிகளில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டொன்றுக்குச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை நீர் ஆவியாகிப் போகிறது. மண்ணுக்குள் இறங்குவது வேறு. மார்கழியில் ஆள் மறைய நின்ற நீர், பங்குனி கழிவதற்குள் முழங்காலளவுக்கு வந்துவிடுவதில் வியப்பில்லை. மழைக்காலத்தில் எந்தப் பள்ளமும் குளம்தான். வேனிலில் நீரை வைத்திருப்பதற்கே கரை கட்டுகிறவனுடைய அறிவும் அக்கறையும் வேண்டியிருக்கின்றன. பலனைப் பருவத்தால் அளந்தவர், கரையின் தரத்தையே அளந்திருக்கிறார்.

இங்கே ஒரு தர்மசங்கடம் உண்டு. இதைக் கட்டினவர்களே அறிவார்கள். நீரை வேனில் வரைக்கும் வைத்திருக்கவேண்டுமானால் குளம் சிறிய பரப்பில் ஆழமாக, செங்குத்தான ஓரங்களோடு இருக்கவேண்டும். பரப்பு விரிய விரிய வெயில் குடிப்பதும் மிகும். ஆனால் உயிர்கள் வாழ்வது ஆழத்தில் அன்று. உள்ளானும் ஆள்காட்டியும் மடையானும் இரைதேடுவது கணுக்கால் அளவு நீரில். தவளை முட்டையிடுவதும், தும்பியின் இளம்புழுக்கள் கோரைத் தண்டைப் பற்றி ஏறி வெளிவருவதும், மான் முன்கால்களை மடித்துக் குனிவதும் எல்லாம் மெல்லச் சரியும் ஓரத்திலேதான். அந்த ஓரத்தை விடுகிறவன், கண்ணறிய நீரை இழக்கிறான். பாசனக் கணக்கின்படி அது நஷ்டம். ஒருபுறம் ஆழமாக வெட்டி, மறுபுறத்தை வேண்டுமென்றே சரிவாக விட்டு, அந்தச் சரிவில் வெயில் குடிக்கும் நீரை உயிர்களின் பங்கு என்று கணக்கிலிருந்தே நீக்கிவிடுகிறவர்களை நான் அறிவேன். அவர்கள் மந்திரம் எதுவும் சொல்லவில்லை. சாஸ்திரம் கேட்கும் தியாகத்தின் பெரும்பகுதி அங்கே மண்வெட்டியாலேயே நடந்துமுடிந்திருக்கிறது.

சாஸ்திரம் கேட்கும் தியாகம் இன்னதென்று பார்க்கவேண்டும். குளம் வெட்டி முடித்தவுடன் அது தர்மமாகிவிடுவதில்லை. வெட்டியவன் அதை உத்ஸர்க்கம் செய்யவேண்டும். அதாவது, எனது என்னும் ஸம்பந்தத்தை விட்டு, எல்லாப் பிராணிகளுக்கும் பொதுவாக அதை விடுவிக்கவேண்டும். தானத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிற்காலத்துத் தர்மசாஸ்திரத் தொகுப்புகளாகிய நிபந்த நூல்களின் ஆசிரியர்கள் நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். வங்காளத்து ரகுநந்தனர் இந்த ஒரு விஷயத்துக்கென்றே தனி நூல் செய்தார். தானத்துக்கு இரண்டு கை வேண்டும். கொடுப்பவன் ஒருவன், ஏற்பவன் ஒருவன். ஏற்பவன் இல்லையேல் தானம் நிறைவேறாது. பறவை எப்படித் தானம் ஏற்கும்? வருகிற ஆண்டு பிறக்கப்போகிற மீன்குஞ்சு எதைச் சொல்லி ஏற்கும்? உத்ஸர்க்கத்துக்கு ஏற்பவன் வேண்டியதில்லை. விடுபவன் விட்டால் போதும். ஆகவே பேசத் தெரியாத உயிர்களும், இன்னும் பிறவாத உயிர்களும் ஒரு சொத்தின் பயனுக்கு உரியவராகும் வழி அங்கே திறக்கிறது. விட்டபிறகு அந்த நீர் ஆற்றுநீரைப்போலப் பொதுவாகிவிடுகிறது. பொதுவில் ஒருவனாக நின்று, விட்டவனும் அதைப் பயன்படுத்தலாம். சொந்தக்காரனாக அன்று, குடிக்க வந்த உயிர்களில் ஒருயிராக.

மத்ஸ்ய புராணம் விவரிக்கும் தடாக விதியில் இது கண்ணுக்குத் தெரியும் கிரியையாகவே அமைந்திருக்கிறது. பொன்னால் ஆமையும் மகரமும், வெள்ளியால் மீனும் நீர்ப்பாம்பும், செம்பால் நண்டும் தவளையும், இரும்பால் சிம்சுமாரம் என்னும் நீர்வாழ் பிராணியும் செய்து நீரில் இடவேண்டும் என்கிறது அது. பசுவொன்றை அந்த நீரில் இறக்கிக் கடக்கச் செய்வதும் உண்டு. யாகசாலையில் தேவதைகளை ஆவாஹனம் செய்யும் ஒரு மரபு, தேவதைகளுக்குப் பக்கத்திலேயே நண்டையும் தவளையையும் நீர்ப்பாம்பையும் பெயர் சொல்லி அழைத்து இடம் கொடுத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் நெகிழ்கிறது. அவை குளத்துக்குத் தாமாகவே வரும். ஆனாலும், வருவதற்கு முன்னமே அவற்றின் இடத்தைக் குளம் வெட்டினவன் தன் வாயாலும் கையாலும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்படி விடப்படாத குளத்தைப் பற்றி ஸ்மிருதிகள் கடுமையாகப் பேசுகின்றன. பிறருடைய நீர்நிலையில் நீராடுகிறவன், அதை வெட்டியவனுடைய பாவத்தில் ஒரு பங்கை ஏற்கிறான் என்று மனு எச்சரிக்கிறார். யாக்ஞவல்கியரோ, பிறர் நீரில் நீராடவேண்டி வந்தால் ஐந்து மண்கட்டிகளை அதிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டே நீராடவேண்டும் என்கிறார். உரையாசிரியர்கள் இந்த விதியை உத்ஸர்க்கம் செய்யப்படாத குளங்களுக்கே உரியதென்று கட்டுப்படுத்தினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பொருள் மிக ஆழமானது. தனக்கென்றே வைத்துக்கொண்ட நீரில் உடையவனுடைய பாவம் கரைந்து நிற்கிறது. அது தொடுகிறவர்களையும் பற்றும். எல்லோருக்கும் விட்ட நீரில் அது இல்லை. அந்த ஐந்து மண்கட்டிகள் பாவத்துக்குப் பரிகாரமாகச் சொல்லப்பட்டவைதாம். ஆயினும் நீராடுகிற ஒவ்வொருவனும் ஒவ்வொரு முறையும் ஐந்து கட்டி வண்டலை வெளியே எடுத்துப் போட்டால் அந்தக் குளம் எத்தனை தலைமுறைக்குத் தூர்ந்துபோகாமல் இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கிறேன். இது என் ஊகம்; சாஸ்திரகாரர்கள் இதைச் சொல்லவில்லை.

சொல்லால் எல்லா உயிர்களுக்கும் விட்டு, செயலால் சிலரை விலக்கிய கொடுமையும் இந்த நாட்டில்தான் நடந்தது. அதை மறைத்துவிட்டு இந்த மரபைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. கொங்கண நாட்டு மகாத் நகரத்தில் சவுதார் குளம் என்று ஒன்று உண்டு. ஆடுமாடுகள் அதில் நீர் குடித்தன. பிற மதத்தார் முகந்தார்கள். தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் மட்டும் அதன் கரையை அணுகக்கூடாது. 1927 மார்ச் 20ஆம் தேதி டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவரோடு சென்று அந்தக் குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகினார். எதிர்த்தவர்கள் நியாயஸ்தலத்துக்குப் போய் எடுத்த வாதம் நம் கேள்வியோடு நேராகச் சம்பந்தப்பட்டது: அந்தக் குளம் பொதுச்சொத்து அன்று, தனியார் சொத்து என்றார்கள். பத்தாண்டு வழக்குக்குப் பிறகு, 1937இல், பம்பாய் ஹைக்கோர்ட்டு அந்த வாதத்தை ஏற்க மறுத்தது.

ஆகையால், தன் குளத்தில் நாரை இறங்குவதைக் கண்டு மகிழ்கிற உடைமைக்காரன், தன் வேலிக்கு வெளியே குடத்தோடு நிற்கிற பெண்ணையும் நினைக்கக் கடமைப்பட்டவன். பறவைகளின் அமைதிக்காக மனிதருடைய நடமாட்டத்தைக் குறைப்பது வேறு. கூடுகட்டும் மாதங்களில் வலைபோடாதே, கல் எறியாதே என்று தடுப்பது நியாயமே. பறவையைக் காரணம் காட்டி அயலானுடைய தாகத்தை விலக்குவது வேறு. செங்கற்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கலில் இந்த இரண்டும் பகையாய் நிற்கவில்லை. அங்கே ஏரி ஊருக்குப் பொது. பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுக்கும் உரிமையை 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து எழுத்தாகவே பெற்றவர்கள் அந்த ஊர் மக்கள். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். தனியொருவனுடைய சிறு குளத்துக்கும் அந்த ஊர்ப்பொதுமை ஏதோ ஓர் அளவில் வேண்டும்.

இனி, விட்டுவிட்டேன் என்று சொன்னபிறகு கட்டியவனுக்கு எஞ்சுவது என்ன? இதற்கு விடையை நான் சாஸ்திரத்தைக் காட்டிலும் மண்கரையினிடத்தே தெளிவாகக் காண்கிறேன். கல்லணையும் கான்கிரீட் அணையும் தம் தலைமேல் நீர் வழிந்தோடுவதைத் தாங்கும், மண்கரை தாங்காது. ஒரு சாண் நீர் கரையின் மேல் ஏறி மறுபுறம் வழியத் தொடங்கினால், புறச்சரிவை அரித்து அரித்து, சில மணி நேரத்தில் கரையையே பிளந்துவிடும். ஆகவே, கரையின் ஓரத்தில், அதன் உச்சிக்கு நன்றாகத் தாழ, கெட்டியான தரையில், உபரிநீர் போவதற்குக் கலிங்கல் வைக்காமல் யாரும் குளம் கட்டுவதில்லை. முழுவதையும் வைத்துக்கொள்ள முயலும் மண்கரை எதையும் வைத்துக்கொள்ள முடியாமல் போகிறது. கலிங்கலின் வழியே போவது கீழுள்ள நிலத்தாருடைய நீர். அதன் மட்டத்தைப் பேராசையால் ஒரு மூட்டை மணல் வைத்து உயர்த்துகிறவன், அயலானுக்குச் செய்யும் தீங்கும் தன் குளத்துக்குச் செய்யும் தீங்கும் ஒன்றேயாகிறது. ஈசாவாஸ்ய உபநிஷத்து தொடக்கத்திலேயே, துறந்து அநுபவி என்ற கருத்தை வைத்தபோது அதன் ரிஷி எந்தக் காட்சியை நினைத்தாரோ அறியோம். மண்கரை கட்டினவனுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கலிங்கல் உரிமையின் எல்லையைக் காட்டுகிறது. கரையோ கடமையின் நீளத்தைக் காட்டுகிறது. அடித்தளத்தில் கெட்டி மண் தென்படும் வரைக்கும் காடி வெட்டி, அதில் களிமண் நிரப்பி, அதன் மேல் அரையடிக்கும் சற்று மிகுதியான கனத்தில் மண்ணைப் பரப்பி, நீர் தெளித்து, திமிசு போட்டு, அடுத்த வரிசை என்று எழுப்பிய கரையும் கட்டிய நாளோடு முடிவதில்லை. நண்டு வளை தோண்டுகிறது. எலி வளை தோண்டுகிறது. கரைமேல் முளைத்த மரம் பட்டுப்போனால் அதன் வேர் மக்கிய வழியே நீர் குழாய்போல் ஊடுருவுகிறது. வெயிலில் வெடித்த கரிசல் அடுத்த மழையில் கரைகிறது. கசிவு தெளிந்த நீராய் வரும்வரை பெரிய அபாயம் இல்லை. கலங்கலாய் வந்தால் கரையின் உள்ளிருந்து மண் போகிறது என்று பொருள். இதையெல்லாம் யார் பார்ப்பது? குளம் எல்லா உயிர்களுக்கும் பொது என்று ஆனபிறகு, நாரையும் நரியும் வந்து எலிவளை அடைக்கப்போவதில்லை. உரிமையை எல்லோருக்கும் விட்டவனிடத்தில் கடமை மட்டும் அப்படியே தங்கிவிடுகிறது. முன்பாவது, வேண்டாம் என்று தோன்றினால் கரையை வெட்டிவிட்டு நிலத்தை உழுதுகொள்ளும் உரிமை அவனுக்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. இதுதான் நான் சொல்ல வந்தது. உடைமையைக் கழித்தபிறகு எஞ்சுவது சூனியமன்று, சுமை. அந்தச் சுமையைச் சுமக்கிறவன்தான் கரை கட்டியவன் என்ற பெயருக்கு உரியவன்.

நியாயஸ்தலமும் ஒருமுறை இதே முடிவுக்கு வந்தது. இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி தம் உபயோகத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கத்தின் நீர் அயலாராகிய பிளெட்சர் என்பவருடைய நிலக்கரிச் சுரங்கத்தில் பாய்ந்தபோது, தன் நலத்துக்காக அபாயமான பொருளைத் தன் நிலத்தில் சேர்த்துவைத்தவன், அது தப்பிப்போய் விளைக்கும் தீங்குக்கு, கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பாளியே என்று 1868இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சில ஆண்டுகளில் சென்னை ராஜதானியிலிருந்து ஒரு வழக்கு லண்டனுக்குப் போயிற்று. கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்த ஏரிகள் பெருமழையில் உடைந்து, சென்னை ரெயில்வே கம்பெனியின் பாலங்களை அடித்துக்கொண்டு போய்விட்டன. ரைலண்ட்ஸ் வழக்கின் விதியைக் கம்பெனி எடுத்துக்காட்டியது. 1874இல் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. இந்த நாட்டில் ஏரி என்பது உடையவன் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளவும் ஒழிக்கவும் கூடிய பொருள் அன்று. குடிகளின் பொருட்டு அதைக் காத்துவரும் கடமை தொன்றுதொட்ட வழக்கத்தால் ஜமீன்தார்மேல் சுமத்தப்பட்டிருக்கிறது. ஆகவே கவனக்குறைவு காட்டப்பட்டாலொழிய அவர் பொறுப்பாளியல்லர் என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து. கடமைக்காக வைத்திருப்பவனையும் ஆசைக்காக வைத்திருப்பவனையும் நியாயம் ஒன்றாக எண்ணவில்லை என்பதே இதில் நான் காணும் பெருமை. ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு விலை உண்டு. கவனத்தில் குறைவு இருக்கக்கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் குளம் புண்ணியம் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அந்த அடித்தளத்தையே ஐயுற்றவர்களும் இந்த நாட்டில் இருந்தார்கள். சமண ஆகமங்களில் ஒன்றாகிய சூத்ரகிருதாங்கம், கிணறு வெட்டுதல் போன்ற செயல்களில் புண்ணியம் உண்டா என்று இல்லறத்தார் கேட்டால், துறவி, உண்டு என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது என்று விதிக்கிறது. உண்டு என்றால், வெட்டும்போது மாயும் எண்ணற்ற சிற்றுயிர்களின் சாவுக்கு உடன்பட்டதாகும். இல்லை என்றால், நீர்பெற இருந்த உயிர்களின் வாழ்வுக்குத் தடைசெய்ததாகும். இந்த மௌனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். கரை போடும் இடத்தில் எத்தனை எறும்புப் புற்று மண்ணுக்குள் புதைகிறது! நீர் ஏறும்போது எத்தனை வளை மூழ்குகிறது! குளம் நிலைபெற்ற பிறகோ, மீன்கொத்தி மீனைப் பிடிக்கிறது. மீன் தலைப்பிரட்டையைத் தின்கிறது. நீர்ப்பாம்பு தவளையை விழுங்குகிறது. உயிர்களுக்கு என்று கட்டிய குளம், ஒவ்வொரு நாளும் கொலை நடக்கும் களமாகவும் இருக்கிறது. கட்டியவன் இதற்குப் பொறுப்பாளியா?

துறவிக்கு மௌனம் தகும். அவர் கையில் மண்வெட்டி இல்லை. மண்வெட்டி பிடித்தவனுக்கு அந்த மௌனம் கிடைக்காது. அவன் ஏதாவது ஒரு விடையோடுதான் வாழவேண்டும். என் விடை இது. மீன்கொத்தியின் பசி அவன் படைத்ததன்று. அந்தப் பசியும் அதன் நிறைவும் குளம் இல்லாவிட்டாலும் வேறோரிடத்தில் நடப்பவை. குளம் அமைத்தவன் வாழ்க்கைக்கு இடம் அமைத்தான். வாழ்க்கை சாவைத் தன்னுள் கொண்டே வரும். ஆனால், அவனுடைய அலட்சியத்தினால் மட்டும் நேரும் சாவுகள் வேறு உண்டு. நீர் இறங்காமலிருக்கப் பிளாஸ்டிக் தாள் விரித்த செங்குத்தான பண்ணைக்குட்டைகளில், குடிக்க இறங்கிய மானும் முயலும், சில இடங்களில் குழந்தைகளும், கால் வழுக்கி, ஏற வழியின்றி மூழ்கிப்போகின்றன. ஒரு பக்கம் கல் அடுக்கிய சரிவு விட்டிருந்தால், ஒரு கயிற்று வலையாவது கட்டித் தொங்கவிட்டிருந்தால், அவை கரையேறியிருக்கும். வரும்படிக்காக ஆப்பிரிக்கக் கெளுத்தியை விட்டால், அது உள்ளூர்க் கெண்டையையும் விராலையும் தவளையையும் தின்று தீர்த்துவிடும்; அரசாங்கமே தடைசெய்த மீன் அது. மேல்வயலில் தெளித்த பூச்சிமருந்து வரத்துக்காலில் கலந்து வருவதைத் தெரிந்தும் தடுக்காமலிருந்தால், அந்த நஞ்சு குளத்து மீனில் ஏறி அதைத் தின்னும் பறவை வரைக்கும் போகும். இந்தச் சாவுகள் அவனுடைய கணக்கில் வரும். இவற்றை இயற்கையின் தலையில் ஏற்றக்கூடாது. அதே சமணம், இல்லறத்தார்க்கு ஆகாதெனப் பதினைந்து தொழில்களை விலக்கியபோது, ஏரி குளங்களை வற்ற அடிப்பதையும் அவற்றில் ஒன்றாக வைத்தது. வெட்டுவதைப் பற்றி உண்டு இல்லை என்று சொல்லாமல் நின்ற சமயம், வற்ற அடிப்பதைப் பற்றி ஐயமின்றிப் பேசியது. இருக்கிற குளத்தில் உயிர் நிறைந்திருக்கிறது. அதை நம்பி வந்தவற்றை நடுவழியில் கைவிடுதல் ஆகாது என்று நான் இதை உணர்கிறேன்.

கைவிடுதல் என்றதும் மரணத்தைப் பற்றிய நினைவு வருகிறது. கட்டியவன் ஒருநாள் போய்விடுவான். மகன் பட்டணத்தில் இருப்பான். நிலம் விலைக்குப் போகும். வாங்குகிறவனுக்கு அது மனைகளாகத் தோன்றலாம். தந்தை செய்த உத்ஸர்க்கம் கிரயப் பத்திரத்தில் ஏறாமலே போகலாம். பழைய கல்வெட்டுகளில் ஏரிக்கும் கோயிலுக்கும் நிவந்தம் விட்டவர்கள் இந்த அச்சத்தை நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஆகையால்தான், இந்தத் தர்மத்தைப் பிற்காலத்தில் காக்கப்போகிறவருடைய பாதங்கள் என் தலைமேல் இருக்கட்டும் என்ற வேண்டுகோளைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். அதிகாரத்தோடு ஆணையிடக்கூடிய அரசரும் அதிகாரிகளும், இன்னும் பிறவாத ஒருவருடைய காலடியில் தலையை வைத்து இரந்தார்கள். ஏனெனில் அவர்களால் அதற்குமேல் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

விஷ்ணு ஸ்மிருதி இந்த இடத்தில் ஓர் அரிய விதியைத் தருகிறது. பழுதுபட்ட கிணற்றையும் குளத்தையும் சோலையையும் கோயிலையும் மறுபடி செப்பனிடுகிறவன், முதலில் அமைத்தவனுக்குரிய பலனையே அடைகிறான் என்பது அதன் முடிவு. பாதியன்று; முழுப்பலன். அப்படியானால் பின்னால் வருகிறவன் யாருடைய குலத்தவனாக இருந்தாலென்ன? நிலத்தை விலைக்கு வாங்கியவன் கரையின் வளைகளை அடைத்து, கலிங்கலில் அடைந்த செத்தையை நீக்கினால், குளம் வெட்டியவன் அவனே ஆகிறான். எனவே, இன்று குளம் வைத்திருப்பவர்கள் கரைமேல் தம் பெயரைக் கல்லில் பொறிப்பதைவிட மிகவும் வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. காடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, களிமண் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது, எந்த ஆண்டு மழையில் எந்த இடத்தில் கசிவு கண்டது, அது தெளிவாக வந்ததா கலங்கி வந்ததா, நண்டுகள் எந்தப் பக்கத்தை நாடுகின்றன, நீர் எந்த மட்டத்துக்கு இறங்கினால் முக்குளிப்பானின் மிதக்கும் கூடு தரைதட்டும், எந்த மாதத்தில் மடையைத் திறக்கக்கூடாது என்பவற்றையெல்லாம், அறியாதவனும் படித்துத் தெரிந்துகொள்ளும் தமிழில், ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, நிலத்தின் மூலப் பத்திரத்தோடு சேர்த்துக் கட்டிவைக்க வேண்டும்.